ரசத்துக்குப் புளி கூட்ட வைக்காத தக்காளி: செட்டிநாட்டுச் செம்மண்ணுக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். காரைக்குடிக்குப் பக்கத்தில் வீட்டுக் கொல்லையில் இருபது தக்காளிச் செடி வைத்தீர்கள். விதை, சந்தையில் ‘நாட்டுத் தக்காளி’ என்று விற்ற பழத்திலிருந்து எடுத்தது. ஆடியில் விதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, வாரம் ஒருமுறை கடலைப்புண்ணாக்குக் கரைசலும் ஊற்றினீர்கள். செடி தளதளவென்று வளர்ந்து நன்றாகவே காய்த்தது. மயிலுக்குப் பயந்து பச்சையாகவே பறித்து, பழுத்த பின் ஃபிரிட்ஜில் அடுக்கினீர்கள். பார்க்க அழகான பழம். ஆனால் ரசத்தில் போட்டால் புளி கூட்ட வேண்டியிருக்கிறது, அப்பத்தா வைத்த ரசத்தின் மணம் வரவில்லை. எந்த உரம் போட்டால் அந்த ருசி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உரத்தால் வராது. நீங்கள் கேட்க வேண்டியது ருசி எங்கெங்கே கைநழுவிப் போனது என்பதைத்தான். உங்கள் விவரத்தைப் படித்தால் ஐந்து இடத்தில் போயிருக்கிறது: விதையில், பட்டத்தில் (அதாவது விதைக்கிற பருவத்தில்), தண்ணீரில், பறித்த பருவத்தில், ஃபிரிட்ஜில். புண்ணாக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் கெடுத்திருக்கிறது. முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய ருசியும் கூடை கூடையாகக் காய்ப்பும் ஒரே செடியில் கிடைக்காது. ருசி வேண்டுமென்றால் எடையில் பாதியை விட்டுக்கொடுக்க மனசு வேண்டும்.

காரணம் எளிது. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, ஐந்து பங்கு தண்ணீர். மிச்சமுள்ள ஐந்தாறு பங்கில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை, எட்டில் ஒரு பங்கு போல சிட்ரிக், மாலிக் அமிலங்கள். நாக்குக்குத் தெரிகிற தக்காளி இந்தச் சின்னப் பங்குதான். மூக்குக்குத் தெரிகிற தக்காளி இதைவிடச் சிறியது: நானூறுக்கு மேற்பட்ட மணப்பொருள்கள் பழத்தில் இருந்தாலும், நாம் ‘தக்காளி வாசம்’ என்று உணர்வதற்கு இருபது முப்பதுதான் காரணம். இலைகள் ஒரு நாளைக்குச் சமைக்கிற சர்க்கரைக்கு ஓர் அளவு உண்டு. அதை முப்பது காய்க்குப் பங்கு வைத்தால் ஒரு ருசி, நூறு காய்க்குப் பங்கு வைத்தால் வேறு ருசி. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.கே.எம் 1 ரகம் எக்டேருக்கு 30 முதல் 35 டன் தரும். கோயம்புத்தூரில் உருவான வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகங்களோ 90 டன்னைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி தண்ணீர்.

விதையிலிருந்து வருகிறேன். சந்தையில் ‘நாடு’ என்றால் உருண்டை, ‘பெங்களூர்’ என்றால் நீளம், கெட்டித் தோல். வியாபாரிக்கு அது வடிவத்தின் பெயர்தான், வம்சத்தின் பெயர் இல்லை. உருண்டையாக இருக்கிற வீரிய ஒட்டுப் பழமும் அதே கூடையில் ‘நாடு’ என்றே விற்கும். அந்தப் பழத்தின் விதையை நட்டால் இருபது செடியும் இருபது விதமாக வரும். ஒட்டு ரகத்தின் அடுத்த தலைமுறையில் பண்புகள் சிதறும் என்பது பாடப்புத்தக விதி. உங்கள் கொல்லையில் சில செடி குட்டையாகவும் சில கொடிபோல நீண்டும் வந்திருந்தால், நீங்கள் எடுத்தது ஒட்டு விதைதான் என்று துணிந்து சொல்லலாம்.

நல்ல நாட்டு ரகத்தைக் கண்ணால் அறிய ஒரு வழி இருக்கிறது. காய் முற்றிய பச்சையில் இருக்கும்போது காம்பைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு, சில ரகத்தில் அதற்கு மேலும், கரும்பச்சையாக ஒரு வட்டம் தெரியும். கீழ்ப்பாகம் வெளிர்பச்சை, மேல்பாகம் கரும்பச்சை. இதைப் ‘பச்சைத் தோள்’ என்பார்கள். அந்தக் கரும்பச்சையில் பச்சையம் கூடுதல், அதனால் காயே கொஞ்சம் சர்க்கரை சமைத்துக்கொள்ளும். கடந்த நூற்றாண்டில் விதை உற்பத்தி செய்தவர்கள், பழம் முழுக்க ஒரே நிறத்தில் பழுக்க வேண்டும் என்பதற்காக இந்தத் தோள் இல்லாத செடிகளையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணு கெட்டுப்போன மரபணு என்பதும், அதனால் பழத்தில் சர்க்கரை குறைகிறது என்பதும் 2012-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அழகுக்காகச் செய்த தேர்வு ருசியைத் தின்றுவிட்டது. பச்சைத் தோள் இருந்துவிட்டாலே ருசி உறுதி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பல அறிகுறிகளில் அது ஒன்று.

எந்த விதை வாங்கலாம்? ஐந்தாறு வருடமாகத் தன் செடியிலிருந்தே விதை எடுத்துப் போடுகிற விவசாயி உங்கள் பக்கத்தில் இருந்தால் அவரிடம் வாங்குங்கள், அதற்கு ஈடு கிடையாது. பழம் தட்டையாக, பூசணிபோல லேசான வரியோடு, தோல் மெல்லிசாக, வெட்டினால் சாறு வழிகிறதா என்று பாருங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் பி.கே.எம் 1. கறாராகப் பார்த்தால் அது பரம்பரை ரகம் இல்லை. ஆனால் தேனிப் பக்கத்து ‘அன்னஞ்சி’ என்ற நாட்டு ரகத்திலிருந்து திடீர் மாற்றம் வழியாக எடுக்கப்பட்டது. தட்டை உருண்டை, பச்சைத் தோள், நல்ல புளிப்பு. ஒட்டு ரகம் அல்லாததால் விதையை நீங்களே எடுத்துத் திரும்பப் போடலாம். பூசா ரூபியும் இதே வகைப் புளிப்புள்ள பழைய ரகம், ஒட்டு இல்லை. இணையத்தில் பார்த்து ஆசைப்படும் பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் போன்ற வெளிநாட்டுப் பரம்பரை ரகங்களை ஆசைக்கு இரண்டு செடி வையுங்கள், அவற்றை நம்பிக் கொல்லை முழுவதையும் ஒதுக்காதீர்கள். பழம் பழுக்க நடவிலிருந்து 75 முதல் 90 நாள் எடுக்கும். நம் வெயில் அவ்வளவு நாள் பொறுக்காது. ருசியும் இனிப்புச் சாயல், சாலட்டுக்குச் சரி, ரசத்துக்கு ஆகாது.

அடுத்தது பட்டம். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மானாவாரிக்குச் சொன்னது. ருசிக்காக வளர்க்கிற தக்காளிக்கு செட்டிநாட்டில் ஆடி சரிப்படாது. ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் பூத்து, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழுக்கும். வானம் மூடியிருந்தால் இலை சர்க்கரை சமைக்காது. மண் ஊறிக் கிடந்தால் பழம் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கும். உங்கள் பழம் சப்பென்று இருந்ததற்கு இது பெரிய காரணம். இன்னொரு பக்கம், இரவு வெப்பம் 15 முதல் 21 டிகிரிக்குள் இருந்தால்தான் பூ நன்றாகப் பிஞ்சு பிடிக்கும். பகல் 35-ஐத் தாண்டினால் மகரந்தம் பயனற்றுப் போய்ப் பூ உதிரும். நம் பக்கத்தில் இரவு 21-க்கு நெருங்கி இறங்குவது மார்கழியும் தையும்தான். ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மார்கழிக் கடைசியில் பூக்க வேண்டும், மாசியில் பழுக்க வேண்டும், பங்குனி நடுவில் கதை முடிந்துவிட வேண்டும். அதற்கு ஐப்பசி நடுவில் நாற்று விடுங்கள், கார்த்திகை இரண்டாம் வாரம் நடுங்கள். அடைமழை ஓரளவு ஓய்ந்திருக்கும், மண்ணின் அடியில் ஈரம் இருக்கும், மேலே வானம் வெளுத்துக்கொண்டு வரும். மழையை நம்பி வளர்த்து, வெயிலை நம்பிப் பழுக்க வைப்பது என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றுக்குக் குழித்தட்டு நல்லது. கழுவிய தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. கழுவாத நார்க் கழிவில் உப்பு இருக்கும், முளைப்பைக் கெடுக்கும். ஐந்திலிருந்து எட்டு நாளில் முளைக்கும், 25 நாளில் நடவுக்குத் தயார். அந்த 25 நாளும் தட்டை நெருக்கமான கண்ணுள்ள நைலான் வலைக்குள் வைப்பதுதான் இந்தப் பதிலிலேயே மிக முக்கியமான வேலை என்று சொல்வேன். கொசுவலையில் வெள்ளை ஈ நுழைந்துவிடும், ஐம்பது மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளை ஈ ஒருமுறை உறிஞ்சினால் போதும், இலைச்சுருட்டு நச்சுயிரி ஏறிவிடும். குருத்து குட்டையாகி, இலை சிறுத்து மேல்நோக்கிக் கிண்ணம்போல் சுருண்டால் அதற்கு மருந்து கிடையாது. புதிய ஒட்டு ரகங்களில் இதை எதிர்க்கும் மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள், நாட்டு ரகத்துக்கு அந்தக் கவசம் இல்லை. நட்ட பிறகும் முதல் நாற்பது நாள் மஞ்சள் ஒட்டுப்பொறியும், பத்து நாளுக்கு ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலை வேளையில் தெளிப்பதும் உதவும். சுருண்ட செடியைப் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். ‘பிழைத்தாலும் பிழைக்கும்’ என்று ஒன்றை விட்டுவைத்தால் அதிலிருந்து பக்கத்துச் செடிகளுக்குப் பரவும்.

நம் செம்மண் ஆழம் குறைவு, ஓரடிக்குக் கீழே சரளையோ செம்புறைக் கல்லோ தட்டும். தண்ணீர் நிற்காது என்பது அதன் நல்ல குணம், சத்தும் நிற்காது என்பது கெட்ட குணம். ஒன்றரை அடி ஆழ, அகலக் குழி எடுத்து, தோண்டிய மண் இரண்டு பங்கு, கண்மாய்க் கரம்பை ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். குழிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கும் ஒரு கைப்பிடி விறகுச் சாம்பலும் போதும். கரம்பையைச் சும்மா அழகுக்குப் போடச் சொல்லவில்லை. கண்மாயில் படிந்த அந்தக் களி மண்தான் செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கிற பிடிமானம் தருகிறது. ஈரம் ஏறி இறங்காமல் இருந்தால்தான் பின்னால் சொல்லப்போகிற தண்ணீர்ச் சிக்கனம் செல்லும். பழைய வீடு இடித்த காரையைக் கொட்டிய இடத்தில் மட்டும் நடாதீர்கள். செட்டிநாட்டில் அப்படி இடம் நிறைய. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச் சத்து கிடைக்காமல் குருத்திலை மஞ்சளாகும், அதை நோய் என்று நினைத்து வீணாக மருந்தடிப்பீர்கள். போன வருடம் கத்தரி, மிளகாய், தக்காளி நின்ற இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

நாற்றை முதல் இலை வரை மண்ணுக்குள் இறக்கி நடலாம். தக்காளித் தண்டில் மண் படுகிற இடமெல்லாம் வேர்விடும். கொடிபோல நீளும் ரகத்துக்கு வரிசைக்கு வரிசை மூன்றடி, செடிக்குச் செடி இரண்டடி. பி.கே.எம் போன்ற குட்டை ரகத்துக்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி. கார்த்திகை மழை இன்னும் மிச்சமிருக்கும் என்பதால் பார் (மண்மேடு) கட்டி, முக்கால் அடி உயரத்தில் நடுங்கள். ஐந்தடிச் சவுக்குக் கம்பு ஊன்றிக் கட்டுங்கள். பக்கக்கிளையை முழுதாகக் கிள்ளி ஒற்றைத் தண்டாக விடுவது குளிர் நாட்டு வழக்கம். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று தண்டு விட்டு, இலையைப் பழத்துக்குக் குடையாக வைத்துக்கொள்வதே நல்லது. இலை கழித்த செடியில் பழத்தின் தோள் வெள்ளையாக வெந்துபோகும். மார்கழியில் பூத்ததும் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கம்பை லேசாகத் தட்டிவிடுங்கள். தக்காளி தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும், ஓர் அதிர்வு போதும்.

இனி தண்ணீர். காலையும் மாலையும் ஊற்றியது பாசம்தான், ஆனால் ருசியைக் கழுவிவிட்டது அதுதான். நட்ட இரண்டு வாரம் வேர் பிடிக்கும் வரை ஈரம் காயக் கூடாது. அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், செடிக்கு மூன்று லிட்டர் அளவில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊற்றுங்கள். வைக்கோலோ கடலைத்தோலோ மூன்று விரற்கடை உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். முதல் கொத்தில் ஒரு காய் செங்காயாக, அதாவது அடியில் மஞ்சள் சிவப்புத் தட்டத் தொடங்கிய காயாக, திரும்பிய நாளிலிருந்து அளவைக் குறையுங்கள்: மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர். இது குறிப்புக் கணக்குத்தான். உங்கள் மண்ணின் ஆழத்தைப் பொறுத்து மாறும். அளவுகோல் செடியிடமே இருக்கிறது. மத்தியானம் இலை துவண்டு, சாயந்திரம் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை, அதுதான் நமக்கு வேண்டிய நிலை. காலை ஏழு மணிக்கும் துவண்டே இருந்தால் உடனே ஊற்றுங்கள், அதற்குமேல் போனால் செடிக்குத் தண்டனை. பழத்துக்குள் போகிற தண்ணீர் குறைந்தால் சர்க்கரையும் புளிப்பும் செறிவாகும், பழம் சிறுக்கும், எடை குறையும். இது பல நாடுகளில் நிறுவப்பட்ட செய்தி. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உவர்த்தண்ணீர் விட்டே இனிப்பான தக்காளி எடுக்கிறார்கள். உப்பிருந்தால் வேர் உறிஞ்சுவது குறைகிறது, விளைவு ஒன்றே.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு உங்கள் ஆழ்துளைத் தண்ணீர் உவராக இருப்பது நல்லதுக்குத்தான் என்று இருந்துவிடாதீர்கள். மண் கரைசலில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 2.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் பத்து சதவீதம் போல இறங்கும். தண்ணீரை ஒருமுறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். முற்றத்தில் விழும் மழைத்தண்ணீரைப் பிடித்துவைக்கிற வீடாக இருந்தால், நாற்றுக்கும் நட்ட முதல் மாதத்துக்கும் அதையே விடுங்கள்.

தண்ணீரைக் குறைப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. திடீரெனக் காயவிட்டுத் திடீரென நனைத்தால் காயின் அடி, பூ உதிர்ந்த முனையில், தோல் செருப்புபோலப் பழுப்புக் கறுப்பாக ஒரு வட்டு விழும். இதைச் சுண்ணாம்புச் சத்துக் குறை என்பார்கள். பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும், அதைக் காய் வரை கொண்டுபோகிற தண்ணீரோட்டம்தான் அறுந்திருக்கும். முட்டை ஓட்டை நுணுக்கிப் போடுவதால் இந்த வருடக் காய் தப்பாது, அது கரைய மாதங்கள் ஆகும். எப்சம் உப்பு போடச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். மக்னீசியம் ஏறினால் சுண்ணாம்பு உள்ளே போவது இன்னும் தடைப்படும். மூடாக்கும் ஒழுங்கான இடைவெளியும்தான் இதற்கு மருந்து. காய் பெருக்கும் பருவத்தில் தண்ணீரைக் குறைக்காமல், பழுக்கும் பருவத்தில் படிப்படியாகக் குறைத்தால் இந்த வட்டு அதிகம் வராது.

புண்ணாக்குக்கு வருகிறேன். கடலைப்புண்ணாக்கில் ஏழு சதவீதம் போலத் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது. வாரம் தவறாமல் ஊற்றினால் செடி இலையாகவும் தண்டாகவும் போகும், பூ தாமதமாகும், காய் நீர்த்துப்போகும், காய்ப்புழுவும் அசுவுணியும் விரும்பி வரும். நட்ட பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும், ஒரு கிலோவைப் பத்து லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, அதைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். பூ வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு வேண்டியது சாம்பல் சத்து (பொட்டாசியம்). பழத்தின் புளிப்புக்கும் நிறத்துக்கும் அது தேவை என்பதில் சந்தேகமில்லை. காய் பிடித்தபின் இருபது நாள் இடைவெளியில் இரண்டு முறை, செடிக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவிக் கொத்திவிட்டால் வீட்டு அளவுக்குப் போதும். மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளதாக இருந்தால் சாம்பல் போடாதீர்கள்.

பஞ்சகவ்யம், வெல்லத்தண்ணீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பஞ்சகவ்யத்தை மூன்று சதவீதக் கரைசலாகத் தெளித்தால் செடி தெளிச்சியாக வளர்கிறது என்பது பலர் கண்கூடாகப் பார்த்தது. ருசியைக் கூட்டும் என்பதை அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். வெல்லத்தண்ணீர் வேரில் ஊற்றினால் பழம் இனிக்கும் என்பது வெறும் பேச்சு, சர்க்கரை இலையில் உருவாகிப் பழத்துக்கு வருவது, வேர் வழியாக ஏறி வருவதில்லை. வெல்லத்தைத் தின்பது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் எறும்புகளும்தான்.

பூச்சி, நோயில் ஒன்றிரண்டை மட்டும் தொடுகிறேன். செடி பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டு, தண்ணீர் விட்டும் நிமிராவிட்டால் அடித்தண்டை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அசையாமல் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு மெல்லிய இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்த இடத்தில் மூன்று நான்கு வருடம் தக்காளிக் குடும்பமே கூடாது, அல்லது கத்தரி வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றுதான் வழி. இழை இறங்காமல், வேரைப் பிடுங்கினால் கடுகும் மிளகுமாக முடிச்சு தெரிந்தால் அது நூற்புழு. இரண்டு போகத்துக்கு நடுவே செண்டுமல்லி போட்டு உழுதால் குறையும். காய்ப்புழுவுக்கும் செண்டுமல்லிதான் பொறி. தக்காளி நாற்று 25 நாள் இருக்கும்போது செண்டுமல்லி நாற்று 40 நாள் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் ஒன்றாகப் பூக்கும். 2014 முதல் இந்தியாவில் பரவிய ஊசிப்புழு இலைக்குள் கண்ணாடிபோலத் திட்டுத்திட்டாகக் குடைந்திருக்கும். வீட்டுக் கொல்லையில் அந்த இலைகளைக் கிள்ளி எரிப்பதே போதும்.

மயில் விஷயத்தில் நீங்கள் பயந்தது நியாயம், பறித்த பருவம்தான் தவறு. முழுப் பச்சையில் பறித்த காய் நிறம் மாறும், மணம் முழுதாக வராது. காயின் அடியில் விரல் நுனி அளவு மஞ்சள் சிவப்பு திரும்பியதும், அதாவது செங்காயான மறுநாள், பறிக்கலாம். அதற்குள் செடியிலிருந்து வரவேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதி வந்திருக்கும். செடியிலேயே பழுத்ததற்கும் செங்காயில் பறித்து நிழலில் பழுத்ததற்கும் ருசியில் வித்தியாசம் சிறிது. மாசிக் கடைசியில் செங்காயே மேல் என்றுகூடச் சொல்வேன். ஏனென்றால் பழத்தின் சூடு 30 டிகிரிக்கு மேல் நிலைத்தால் சிவப்பு நிறமி உருவாவது தடைப்பட்டு, தோள் மஞ்சளாகவே கெட்டித்துப்போகும். பறித்ததை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் அதன்மேல் ஒரு துணி விரித்து, காம்புப் பக்கம் கீழே இருக்க, ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். நாலைந்து நாளில் பழுக்கும். மழை வரும்போல் இருந்தால் அன்றே செங்காய் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள், நாட்டு ரகத்தின் மெல்லிய தோல் ஒரு மழைக்கே வெடிக்கும்.

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே மணப்பொருள்களை உருவாக்கும் வேலை நின்றுபோகும். ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்த தக்காளி, வெளியே எடுத்துவைத்த பிறகும் பழைய மணத்தை முழுதாக மீட்பதில்லை என்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள். சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, போனது வாசம் மட்டும். வீட்டில் சேர்ந்துபோனால் வதக்கித் தொக்காக வைத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்குக் கரைக்கும்போது விதையைச் சுற்றியுள்ள வழவழப்பைப் பிழிந்து எறியாதீர்கள். தக்காளியின் புளிப்பும், நாக்கில் நிற்கிற அந்தச் சாறு ருசிக்குக் காரணமான குளுட்டமேட்டும் சதையைவிட அங்கேதான் அதிகம். அப்பத்தா ரசத்தில் மண்சட்டி, விறகுப் புகை, அம்மியில் தட்டிய மிளகு சீரகம் இவற்றின் பங்கு எவ்வளவு என்பதற்கு என்னிடம் கணக்கில்லை. தக்காளியின் பங்கை மட்டும்தான் செடி வழியாகத் திருப்பித் தர முடியும்.

கடைசியாக, விதை. முதல் வருடமே மாசியில் ருசி பார்த்து, நோய் தொடாத, பழம் மணக்கிற இரண்டு மூன்று செடிக்குச் சிவப்புத் துணி கட்டுங்கள். நல்ல பழத்தைத் தேடாமல் நல்ல செடியைத் தேடுங்கள், மோசமான செடியிலும் ஒரு அழகான பழம் வரும். இரண்டாம், மூன்றாம் கொத்தில் செடியிலேயே கனியவிட்ட பழத்தைப் பிளந்து விதையும் சாறுமாகக் கண்ணாடித் தம்ளரில் பிழிந்து, வெயில் படாமல் மூடிவையுங்கள். நம் சூட்டுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை நாள் போதும். மேலே வெள்ளையாக ஆடை படிந்து, புளித்த வாடை வரும், விதையைச் சுற்றியிருந்த வழவழப்பு விட்டுப்போகும். மூன்று நாள் விட்டால் தம்ளரிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். தண்ணீர் ஊற்றி அலசினால் பதர் மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும், எவர்சில்வர் தட்டில் நிழலில் ஐந்து நாள் காயவைத்து, சலித்த சாம்பல் கலந்து சீசாவில் மூடுங்கள். ஈரம் படாவிட்டால் நான்கு வருடம் முளைக்கும். தக்காளி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை என்றாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று கலப்பு நடக்கும், ஆகவே விதைக்கென்று வைத்த செடியிலிருந்து மற்ற ரகத்தைப் பத்தடி தள்ளி நடுங்கள்.

இந்த ஐப்பசிக்கு நாற்று விட வேண்டுமானால் விதையைப் புரட்டாசிக்குள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது செடியில் பன்னிரண்டு நாட்டு விதை, ஆறு பி.கே.எம் 1, இரண்டு உங்கள் ஆசைக்கு என்று நட்டு, எது எது என்று கம்பிலேயே எழுதிக் கட்டிவிடுங்கள். மாசியில் எதை வைத்துக்கொள்வது என்பதை ரசச்சட்டி சொல்லும்.